11×14 அறையில் தியேட்டர் அனுபவம் கிடைக்குமா? இரண்டரை லட்சத்தை எங்கே போடுவது?

வைகைக்கரை:

வணக்கம். மாடியில் ஓர் அறையைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, விட்ரிஃபைடு டைல்ஸ் தரை. மேற்கில் ஒரு ஜன்னல். நடுவில் சீலிங் ஃபேன், சுவரில் ஸ்பிளிட் ஏசி. பட்ஜெட் இரண்டரை லட்சம். பார்ப்பது பெரும்பாலும் ஓடிடியில் தமிழ், மலையாளப் படங்கள்.

65 இன்ச் டிவியா, 100 இன்ச் ப்ரொஜெக்டரா? சவுண்ட்பாரோடு நிறுத்திக்கொள்ளலாமா, ரிசீவரும் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) ஸ்பீக்கர்களும் வேண்டுமா? இவ்வளவு செய்தும் தியேட்டருக்கு ஈடாகாது என்றால், அந்தப் பணத்தில் நல்ல ஸ்கிரீனாகத் தேடிப் போய் டிக்கெட் எடுப்பதே மேலா?

ஒலிச்சுவர்:

முதலில் சோபாவின் இடத்தை முடிவு செய்யுங்கள். அது முடிவானால் திரை அளவும் ஸ்பீக்கர் கோணங்களும் தாமாக முடிவாகிவிடும்.

திரை 11 அடிச் சுவரில் வரட்டும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். ஒலிக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. ஒலியின் வேகமான 343 மீட்டரை, அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் உங்கள் அறையின் முதல் ஒத்ததிர்வு (அறை தானாகவே பெருக்கிக் காட்டும் ஸ்தாயி) சுமார் 40 ஹெர்ட்ஸ் என்று வரும். காது பின்சுவரை ஒட்டி இருந்தால் அந்த 40 ஹெர்ட்ஸ் வீங்கி, எல்லா பேஸும் (தாழ்ந்த, கனத்த ஒலி) ஒரே ‘கும்’ சத்தமாகக் கேட்கும். அறையின் நட்டநடுவே, 7 அடியில் உட்கார்ந்தால் அதே 40 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமல் போகும். இரண்டுக்கும் இடையில், பின்சுவரிலிருந்து ஐந்தேகால் அடி தள்ளிக் காது இருப்பது நல்ல தொடக்கம். அப்போது திரைக்கும் கண்ணுக்கும் தூரம் எட்டே முக்கால் அடி, சுமார் 2.65 மீட்டர்.

அந்தத் தூரத்தில் 65 இன்ச் டிவி கண்ணுக்கு 30 டிகிரி அகலம் காட்டும். படம் பார்க்கக் குறைந்தபட்சம் என்று பொதுவாகச் சொல்லப்படும் கோணம் அதுதான். 100 இன்ச் திரை 45 டிகிரி காட்டும். தியேட்டரில் நடு வரிசைக்காரருக்குக் கிடைக்கும் அளவு. ஆகவே திரையின் பிரம்மாண்டம் வீட்டில் எட்டாத விஷயமில்லை. ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: நம் படங்களில் பல ஸ்கோப், அதாவது 2.39:1. 65 இன்ச் டிவியின் உயரம் 81 செ.மீ, ஸ்கோப் படம் அதில் 60 செ.மீ மட்டுமே பிடிக்கும், மீதி மேலும் கீழும் கறுப்புப் பட்டை.

இனி அறை. ஆங்கில யூடியூப் வீடியோக்கள் காட்டும் பல வீடுகளில் சுவர் ஜிப்சம் பலகை. அது கொஞ்சம் அதிர்ந்து பேஸைத் தின்றுவிடும். நம் செங்கல்லும் கான்கிரீட்டும் அசையாது. பேஸ் முழுக்க அறைக்குள்ளேயே திரும்பி வரும். உங்கள் அறையின் அகலம் 51 ஹெர்ட்ஸிலும் உயரம் 56 ஹெர்ட்ஸிலும் ஒத்ததிரும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழுவதால் 50-60 பகுதி தூக்கலாகவே இருக்கும். அங்கிருந்து மேல்நோக்கிய ஒலிக்கு டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரி. காலி அறையில் கைதட்டிப் பாருங்கள். ‘டிரிங்’ என்று ஓர் எதிரொலி தொடர்ந்தால் வசனம் தெளிவாகக் கேட்காது.

செய்ய வேண்டியது: கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) ஸ்லாப், 2 இன்ச் தடிமன், 4×2 அடி அளவில் எட்டு. ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்துத் துணி போர்த்தி, சுவரிலிருந்து 2 இன்ச் இடைவெளி விட்டு மாட்டுங்கள். அந்த இடைவெளி இருந்தால் இன்னும் கீழ் ஸ்தாயி வரை உறிஞ்சும். துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும். ரெக்சின் போட்டால் பலன் பெருமளவு போய்விடும். வேலை செய்யும்போது முகமூடி, கையுறை கட்டாயம், இழை தோலை அரிக்கும். மாட்ட வேண்டிய இடத்தைக் கண்ணாடியால் கண்டுபிடிக்கலாம்: நீங்கள் சோபாவில் உட்காருங்கள், ஒருவர் பக்கச்சுவரில் கண்ணாடியை நகர்த்தட்டும், அதில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் முதல் பிரதிபலிப்பு. இரண்டு பக்கச்சுவரிலும் இரண்டிரண்டு, பின்சுவரில் இரண்டு. மிச்சம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக 4 இன்ச் ஆக்கிப் பின்மூலையில் குறுக்காக நிறுத்துங்கள். தரையில் சோபாவுக்கு முன்னால் தடித்த கம்பளம். முட்டை அட்டையும் ஒரு இன்ச் கறுப்பு ஸ்பாஞ்சும் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். கீச்சு ஒலியை மட்டும் தின்று அறையை மந்தமாக்கும், பேஸை அவை தொடுவதே இல்லை.

சவுண்ட்பார் கூடத்துக்குச் சரி. தனி அறையை ஒதுக்கிவிட்டு சவுண்ட்பார் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். 5.1 ரிசீவரும் ஐந்து ஸ்பீக்கரும் பேஸுக்கென்றே ஒரு 12 இன்ச் சப்வூஃபரும் எடுங்கள். இரண்டு 10 இன்ச் சப்வூஃபருக்கு இடமிருந்தால் இன்னும் நல்லது: முன்சுவர் நடுவில் ஒன்று, பின்சுவர் நடுவில் ஒன்று. அந்த 40 ஹெர்ட்ஸ் மேடுபள்ளம் பெரிதும் அடங்கும்.

நாலாம்வரிசை:

ப்ரொஜெக்டர் பக்கம் நான் சொல்கிறேன். உங்கள் அறையில் முதல் எதிரி ஜன்னல் இல்லை, சீலிங் ஃபேன். ப்ரொஜெக்டரைக் கூரையில் தொங்கவிட்டால் ஒளிக்கற்றை ஃபேன் இறக்கை வழியாகப் போக வாய்ப்பு அதிகம். திரை முழுக்க நிழல் வெட்டும். ஃபேனைக் கழற்றிவிடுங்கள். ஃபேன் ஓடினால் படத்தின் மெல்லிய ஒலியெல்லாம் அதில் மூழ்கிவிடும் என்பது இன்னொரு காரணம். ஏசி குறைந்த வேகத்தில் போதும்.

தூரக் கணக்கு: 100 இன்ச் திரையின் அகலம் 2.21 மீட்டர். த்ரோ விகிதம் (திரைக்கான தூரத்தைத் திரை அகலத்தால் வகுத்தது) 1.5 உள்ள ப்ரொஜெக்டரின் லென்ஸ் திரையிலிருந்து 3.3 மீட்டரில் இருக்க வேண்டும். உங்கள் அறை 4.27 மீட்டர்; இயந்திரமும் பின்பக்கக் கேபிளும் வெப்பம் வெளியேற இடமும் போதும். வாங்குமுன் அந்த மாடலின் த்ரோ விகிதத்தைப் பார்த்து அகலத்தால் பெருக்கிவிடுங்கள். கீஸ்டோன் திருத்தத்தை (கோணலாக விழும் படத்தை நேராக்கும் வசதி) நம்பிக் கோணலாக மாட்டாதீர்கள். அது படத்தைக் கணினி வழியே வளைக்கிறது. பிக்சல் வீணாகி எழுத்து ஓரங்கள் மங்கும்.

வெளிச்சம்: தியேட்டரின் தரம் 14 ஃபுட்-லாம்பர்ட், அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. 100 இன்ச் சாதாரண வெள்ளைத் திரையில் அதை எட்டச் சுமார் 415 லூமன் திரைக்கு வந்து சேர்ந்தால் போதும். பெட்டியில் போட்டிருப்பது ‘வெளிச்ச’ மோடின் எண். சினிமா மோடில் பாதிதான் தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 1500 ஏஎன்எஸ்ஐ (தர முறைப்படி அளந்த) லூமனே இருட்டறைக்கு அதிகம். ‘9000 லூமன்’ என்று மட்டும் போட்டு ஏஎன்எஸ்ஐ என்று எழுதாத மலிவுப் பெட்டிகளைத் தொடவே வேண்டாம்.

ஆனால் வெளிச்சத்தை விடக் கறுப்புதான் கஷ்டம். வெள்ளைக் கூரையும் வெளிர் சுவரும் திரையின் ஒளியை வாங்கித் திரைக்கே திருப்பி அனுப்பும். இரவுக் காட்சி சாம்பல் பூத்துப்போகும். திரையைச் சுற்றி நான்கடிக்குச் சுவரும் கூரையும் அடர்நிற மேட் பெயின்ட் அடியுங்கள், பளபளப்பு கூடாது. ஜன்னலுக்கு பிளாக்அவுட் திரைச்சீலை, ஓரங்களில் ஆறு இன்ச் கூடுதலாக. சுவரைக் கறுப்பாக்க வீட்டில் சம்மதமில்லை என்றால், அல்லது பகலில்தான் அதிகம் பார்ப்பீர்கள் என்றால், ப்ரொஜெக்டரை மறந்துவிட்டு 65, முடிந்தால் 75 இன்ச் டிவி எடுங்கள். பாதி வெளிச்சத்தில் ப்ரொஜெக்டர் பார்ப்பது பரிதாபம்.

எதை எடுத்தாலும் இரண்டு செட்டிங்: மோஷன் ஸ்மூத்திங் (இல்லாத ஃபிரேம்களை இடையில் செருகும் வசதி) ஆஃப், ஃபிலிம்மேக்கர் மோடு ஆன். ஸ்டிரீமிங் பெட்டியில் ‘ஃபிரேம் ரேட் மேட்ச்’ ஆன். படம் நொடிக்கு 24 ஃபிரேம், பெட்டி 60 அனுப்பும். இதைச் சரிசெய்யாவிட்டால் கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகள் தடுக்கித் தடுக்கிப் போகும்.

ஆபரேட்டர்_ரூம்:

வீடு பற்றி மேலே நன்றாகவே சொல்லிவிட்டார்கள். தியேட்டர் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

தியேட்டருக்கு வரும் டிசிபி-யில் (தியேட்டருக்கான டிஜிட்டல் படக் கோப்பு) படம் நொடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம். ஓடிடி 4கே பொதுவாக 15 முதல் 25 மெகாபிட்டுக்குள் ஓடுகிறது. கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை) திறமையானது என்றாலும் மழை, புகை, கூட்டம் வரும் காட்சிகளில் வித்தியாசம் தெரியும். ஒலி அங்கே சுருக்கப்படாத 24 பிட். ஓடிடி அட்மாஸோ (தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி முறை) அதிகபட்சம் 768 கிலோபிட். தமிழ்ப் படங்கள் 4கே டிஸ்க்காக வருவது அபூர்வம் என்பதால், வீட்டில் எவ்வளவு செலவழித்தாலும் உள்ளே வரும் சரக்கு இதுதான்.

இன்னொன்று, தாங்கும் திறன். தியேட்டர் தரத்தில் ஒவ்வொரு சேனலும் 105 டெசிபல் உச்சம் தர வேண்டும், பேஸ் சேனல் 115. 88 டெசிபல் திறனுள்ள (ஒரு வாட்டில், ஒரு மீட்டரில்) ஸ்பீக்கரை 2.65 மீட்டரில் வைத்து 105 எட்டச் சுமார் 350 வாட்ஸ் வேண்டும். பத்து டெசிபல் குறைத்துக் கேட்டால் 35 வாட்ஸே போதும். வீட்டில் அந்தக் குறைந்த அளவே வசதி, சின்ன அறையில் முழு அளவு காதைக் குத்தும். ஆனால் பெரிய படத்தின் இடைவேளைச் சண்டையில் நெஞ்சில் இறங்கும் அந்த அதிர்வு இரண்டரை லட்சத்தில் வராது.

இதெல்லாம் தியேட்டர் ஒழுங்காக இருந்தால் மட்டும். டால்பி ப்ராசஸரில் ஒலியளவு 7 என்பது தரம். சத்தமாக மிக்ஸ் செய்த படங்கள் வந்தால் ரசிகர்கள் காதைப் பொத்துகிறார்கள் என்று 5-க்கு இறக்குவார்கள். அப்படி இறக்கினால் ஏறக்குறைய 7 டெசிபல் போய்விடும். அடுத்து நிதானமாக மிக்ஸ் செய்த படம் வந்தும் அதே 5-இல் ஓடினால் கிசுகிசு வசனம் யாருக்கும் கேட்காது. 3டி-க்காகப் போட்ட சில்வர் ஸ்கிரீனில் 2டி படம் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கியும் தெரியும். அங்கே ஓரச் சீட் எடுக்கவே கூடாது. பொதுவாகத் திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுச் சீட் எடுங்கள். கடைசி வரிசை சர்ரவுண்ட் ஸ்பீக்கருக்கு மிக அருகில் போய்விடும்.

வசனத்தை நம்பி ஓடும் மலையாளப் படங்களுக்கு நீங்கள் கட்டும் அறை தியேட்டரை மிஞ்சும், இதை உறுதியாகச் சொல்கிறேன். ஸ்கோப்பில் விரியும் பெரிய படங்களுக்குத் தியேட்டர் போங்கள். நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடும் என்று காத்திருந்தால் அந்தப் படங்கள்தான் இழப்பு.

வைகைக்கரை:

மிக்க நன்றி. சுவரை அடர்நிறமாக்க வீட்டில் சம்மதம், ஃபேனும் போகிறது, அதனால் ப்ரொஜெக்டர். மூன்று சந்தேகம். அட்மாஸுக்குக் கூரையை நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர் போதுமா? வசனம் சின்னதாகவும் சண்டை பெரிதாகவும் கேட்பதற்கு என்ன வழி? சப்வூஃபரில் ‘ங்ங்’ என்று ஓர் இரைச்சல் வரும் என்கிறார்களே, ஏன்?

ஒலிச்சுவர்:

கூரை: உங்கள் 10 அடிச் சமதளக் கான்கிரீட் அதற்கு ஏற்றதே. பிஓபி டிசைன் ஃபால்ஸ் சீலிங் போட்டால் ஒலி சிதறிவிடும். ஆனாலும் சிறிய ஸ்பீக்கர் இரண்டைக் கூரையில் நேராக மாட்டுவதே மேல். தலைக்கு நேர் மேலே அல்லது அரை அடி முன்னால், 8 மி.மீ ஆங்கர் ஃபாஸ்னர், கேபிளுக்கு பிவிசி கேசிங்-கேப்பிங். ரிசீவர் வாங்கும்போதே 5.1.2 (5.1-உடன் இரண்டு கூரை ஸ்பீக்கர்) தாங்கும் ஏழு சேனலாக எடுத்துவிட்டு, கூரை ஸ்பீக்கரை அடுத்த வருடம்கூடச் சேர்க்கலாம். வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வசனம்: பெரும்பாலும் சென்டர் திரைக்குக் கீழே முழங்காலைப் பார்த்து நிற்பதுதான் காரணம். முன்பக்கம் ரப்பர் குமிழ் வைத்துத் தூக்கிக் காதை நோக்கிச் சாயுங்கள். பிறகு ரிசீவரின் மைக்கை ட்ரைபாடில் காது உயரத்தில் வைத்துக் காலிபரேஷன் (அறைக்கேற்ப ஒலியைத் தானே சரிசெய்யும் சோதனை) ஓட்டுங்கள், சோபா குஷன்மேல் வைக்கக் கூடாது. அது முடிந்ததும் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். பல ரிசீவர்கள் ஸ்பீக்கரை ‘லார்ஜ்’ என்று எழுதிவைத்திருக்கும். எல்லாவற்றையும் ‘ஸ்மால்’, கிராஸ்ஓவர் (இதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். சென்டரை 2 டெசிபல் கூட்டுங்கள். இரவில் மட்டும் டைனமிக் ரேஞ்ச் (மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளி) குறைப்பு. தியேட்டருக்கான மிக்ஸ் வீட்டில் கொஞ்சம் கூர்மையாகக் கேட்பதும் உண்டு, ஏனெனில் தியேட்டர் ஒலி 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் படிப்படியாக இறங்கும்படி அமைக்கப்படுகிறது. ட்ரெபிளை ஒரு டெசிபல் இறக்கிப் பாருங்கள்.

இரைச்சல்: சப்வூஃபருக்கு ஒரு பிளக், ரிசீவருக்கு வேறு சுவரில் ஒரு பிளக் என்றால் எர்த் வளையம் உருவாகி 50 ஹெர்ட்ஸ் முனகும். இரண்டையும் ஒரே எர்த் உள்ள போர்டில் சொருகுங்கள். அப்படியும் போகாவிட்டால் கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். எர்த் பின்னை உடைத்து இரைச்சலைப் போக்கச் சொல்லும் எலக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. இன்வர்ட்டர் ஓடும்போது மட்டும் இரைச்சல் என்றால் அது ஸ்கொயர் வேவ் வகை. ப்யூர் சைன் வேவ் வேண்டும்.

பணத்தைப் பிரிப்பது: திரையோடு சேர்த்து ப்ரொஜெக்டருக்கு ஒரு லட்சம், ஒலிக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம், ராக்வூல், பெயின்ட், திரைச்சீலைக்கு முப்பது, ஒயரிங்குக்குப் பத்து. ஒயரிங்கை முதலில் முடித்துவிடுங்கள். ப்ரொஜெக்டர் இருக்கும் இடத்துக்கு எச்டிஎம்ஐ கேபிள் பத்து மீட்டர் பிடிக்கும். அந்த நீளத்தில் 4கே தடையின்றி வரச் சாதாரணச் செம்புக் கேபிள் போதாது, ஆப்டிகல் வகை வேண்டும். அதற்குத் திசை உண்டு, ஒரு முனையில் ‘சோர்ஸ்’ என்று எழுதியிருக்கும். சுவருக்குள் பைப்பில் இழுக்குமுன் இரண்டு பக்கமும் மாட்டிப் படம் வருகிறதா என்று பார்த்துவிட்டு இழுக்கச் சொல்லுங்கள்.