மறுமொழி: ஹிஸ்டமின் முறியா, மறிப்பியா?

வணக்கம். அரிப்பு, தடிப்புக்குப் போடும் ஆன்டிஹிஸ்டமின் மருந்தைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற விவாதத்துக்கு என் பதில் இது. "ஹிஸ்டமின் முறி" காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, விஷமுறியோடு ஒட்டியும் போகிறது. எனக்கு இடிப்பதும் அதுதான். விஷமுறியைக் கடிபட்ட பிறகு கொடுப்போம். இந்த மருந்து ஹிஸ்டமினை (ஒவ்வாமையின்போது உடல் வெளிவிடும், அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் பொருளை) முறிப்பதே இல்லை, ஹிஸ்டமின் வந்து உட்காரவேண்டிய எச்1 ஏற்பியை (உயிரணுவில் அதை ஏற்கும் இடத்தை) முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காணாக்கடிக்கு (urticaria, தோலில் அரிப்போடு எழும் தடிப்புக்கு), தடிப்பு இல்லாத நாளிலும் மாத்திரை போடச் சொல்வது அதனால்தான். என் அக்கா இரண்டு வருஷமாகத் தடித்த பிறகு மட்டும் இந்த வகை மாத்திரையான செட்டிரிசினைப் போட்டுக்கொண்டு, "இது கேக்கவே மாட்டேங்குது" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். "முறி" என்று பெயர் வைத்தால் இந்தப் பழக்கத்துக்கு நாமே துணைபோகிறோம்.

என் ஓட்டு "மறிப்பி"க்கு. சாலை மறியலுக்குப் பஸ் போன பிறகு உட்கார்ந்து என்ன பயன்? இவை ஏற்பியை அடைப்பதோடு நிற்காமல் அதைச் செயலற்ற நிலைப் பக்கம் சாய்க்கவும் செய்கின்றன. மறிதலுக்குத் திரும்புதல், கவிழ்தல் என்ற பொருளும் இருப்பதால் அதுவும் பொருந்துகிறது. "எதிர்ப்பி" வேண்டாம், நுண்ணுயிர் எதிர்ப்பியோடு குழம்பும்.

அப்புறம் இந்த மருந்துகளைப் பழையது, புதியது என்று பிரிக்கும் "முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை". நோயாளிக்குத் தெரியவேண்டியது தலைமுறை இல்லை, தூக்கம் வருமா என்பதுதான். குளோர்பெனிரமின், ஹைட்ராக்சிசின் மூளைக்குள் எளிதாக நுழைந்து தூங்கவைக்கும். லோரட்டடின், பெக்சோபெனடின், பிலாஸ்டின் அவ்வளவாக நுழைவதில்லை. "தூங்கவைக்காத மறிப்பி" என்றுதான் முதலில் எழுதினேன், செட்டிரிசின் கெடுத்துவிட்டது. ஹைட்ராக்சிசின் உடலுக்குள் மாறிக் கிடைப்பதே செட்டிரிசின், சிலருக்கு நன்றாகவே தூக்கம் வருகிறது. ஆகவே உறக்கமிகு மறிப்பி, உறக்கங்குறை மறிப்பி. அழகாக இல்லைதான், இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

காணாக்கடி அறிவியல் சொல் இல்லை என்ற ஆட்சேபத்தை ஏற்கமாட்டேன். நாள்பட்ட வகையில் பெரும்பாலும் வெளிக்காரணம் எதுவும் அகப்படுவதில்லை, "காணா" அதைத்தானே சொல்கிறது? "கடி" என்பதைக் கேட்டுப் பூச்சி தேடிப் படுக்கையை உதறுவார்கள், அது மட்டும் சிக்கல், சரி.

வழக்கமான அளவில் அடங்காவிட்டால் மருத்துவர்கள் அதே உறக்கங்குறை மாத்திரையை நான்கு மடங்கு வரை ஏற்றிப் பார்ப்பார்கள். அதற்கு "அளவேற்றம்" போதும். அதற்கும் அடங்காமல் போடும் ஓமாலிசுமாப் ஊசியை நம் கலைச்சொல் பட்டியலில் மறிப்பி என்று சேர்த்துவிடாதீர்கள், அது பிடிப்பது ஏற்பியை இல்லை, ரத்தத்தில் இருக்கும் ஐஜிஇ (IgE) என்ற எதிர்பொருளை (antibody).