சிஆர்எஃப் 300எல்: 1,500 வெள்ளியை முதலில் எதில் போடுவது?

ஈசூன்_2ஏ

வணக்கம். சிங்கப்பூரில் 2ஏ உரிமம் (நடுத்தர பைக்குகளுக்கானது) கிடைத்த கையோடு போன மாதம் பழைய ஹோண்டா சிஆர்எஃப் 300எல் ஒன்று வாங்கினேன், 2021 மாடல். வார நாட்களில் ஈசூனிலிருந்து துவாஸுக்கு வேலைக்குப் போக, மாதத்தில் இரண்டு ஞாயிறு கூட்டாளிகளோடு எல்லை தாண்டி ஜொகூரின் கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்து மண் பாதைகளில் ஓட்ட. கையில் 1,500 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். முதலில் எக்ஸாஸ்ட், அப்புறம் பின் சஸ்பென்ஷனில் மாட்டும் உயரம் குறைக்கும் லிங்க், மிச்சத்தில் பெரிய கட்டை வைத்த டயர் என்று நினைத்திருந்தேன். என் உயரம் 165 சென்டிமீட்டர், எடை 88 கிலோ. சீட் 880 மில்லிமீட்டர் என்பதால் சிக்னலில் நுனிக்கால்தான் ஊன்ற முடிகிறது. போன ஞாயிறு ஒரு வடிகாலைத் தாண்டும்போது முன்பக்கம் முழுக்க அமுங்கி மணிக்கட்டு வரை அதிர்ந்துவிட்டது. என் வரிசை சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்_சக்கரம்

தம்பி, அந்த அதிர்ச்சியிலேயே பதில் இருக்கிறது. இந்த பைக்கில் முதலில் மாற்ற வேண்டியது சஸ்பென்ஷன் ஸ்பிரிங். கம்பெனி ஸ்பிரிங் மெலிந்த உடம்புக்குத்தான் சரிப்படும், 88 கிலோவோடு ஹெல்மெட், பூட்ஸ், முதுகுப் பை எல்லாம் சேர்ந்தால் ஓட்டத் தொடங்கும் முன்பே பாதி தூரம் அமுங்கியிருக்கும். பின் ஷாக்கில் இருக்கும் வளையத்தை இறுக்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இறுக்கினால் பின்பக்கம் கொஞ்சம் மேலே எழும், அவ்வளவுதான், ஸ்பிரிங்கின் பலம் கூடாது.

நீங்களே அளந்து பாருங்கள். பின் சக்கரம் தரையில் படாதபடி பைக்கைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்து, கூட்டாளியை அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தப் பயணத்தில் (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில்) மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். இதில் பயணம் 260 என்பதால் 75, 80 வந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் வேறு எதையும் வாங்காதீர்கள், ஸ்பிரிங் வாங்குங்கள்.

லிங்க் வேண்டவே வேண்டாம். அது பின்பக்கத்தைத் தாழ்த்துவதோடு ஷாக் மேல் விழும் நெம்புவிசையையும் மாற்றுவதால் பின்பக்கம் இன்னும் மெத்தென்று ஆகிவிடும், உங்கள் எடைக்கு டயர் மட்கார்டில் போய் இடிக்கவும் வாய்ப்புண்டு. சைட் ஸ்டாண்டும் நீளமாகிப் போய் பைக் நெட்டுக்குத்தாக நிற்கும், காற்றடித்தாலே சாயும். சிக்னலில் இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி இடது காலை மட்டும் முழுதாக ஊன்றப் பழகுங்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

உபி_பட்டறை

அண்ணன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கனமான ஸ்பிரிங் போட்டதும் பைக் அவருக்குக் கீழே அமுங்காது, இப்போது நுனிக்கால் எட்டுகிறது என்றால் அப்போது அதுவும் எட்டாது. காலையில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் அரை மணி நேரம் நின்று நகர்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். சீட்டின் பஞ்சை ஓரங்களில் சீவிக் குறுக்கினால் கால் நேராகக் கீழே இறங்கும், சீட் தைப்பவரிடம் கொடுத்தால் ஒரே நாளில் செய்துவிடுவார். அதற்கும் மேல் தேவைப்பட்டால் 25 மில்லிமீட்டர் மட்டும் தாழ்த்தும் லிங்க் பரவாயில்லை, ஆனால் சரியான ஸ்பிரிங் போட்ட பிறகு, அதுவும் முன் ஃபோர்க்கையும் கிளாம்ப்பில் கொஞ்சம் மேலே ஏற்றி முன்பக்கத்தையும் தாழ்த்திச் சமப்படுத்தினால் மட்டும்.

எக்ஸாஸ்ட் விஷயத்தில் நிதானம் தேவை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் அந்த மாடலுக்கே இருக்க வேண்டும், கடைக்காரர் “எல்லாருமே போடுகிறார்கள்” என்று சொல்வது ஒப்புதல் ஆகாது. மூன்று வயது தாண்டிய பைக்குக்கு வருடாவருடம் பரிசோதனை, உங்களுடையது அந்த வயதைக் கடந்துவிட்டது. நானே முன்பு ஒரு கடையில் நம்பி வாங்கி, பரிசோதனைக்கு முன் பழையதைத் தேடி அலைந்து மறுபடி மாட்டினேன், காசும் போயிற்று, ஒரு சனிக்கிழமையும் போயிற்று. எடை கொஞ்சம் குறையும், சத்தம் கூடும், இழுவை கூடியதாக எனக்குத் தெரியவில்லை.

இழுவைதான் வேண்டும் என்றால் முன் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) 14 பல்லிலிருந்து 13-க்கு மாற்றுங்கள். பின்னால் 40 அப்படியே இருக்கட்டும். பின்னால் 43 போட்டதற்குச் சமம், செலவு மிகக் குறைவு. மண் ஏற்றத்தில் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து ஓட்ட வேண்டியிருக்காது. விரைவுச்சாலையில் இன்ஜின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும், செயினும் அது உரசும் ரப்பர் கட்டையும் சீக்கிரம் தேயும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் வாங்கும் எண்ணம் இருந்தால் இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்) கருவி ஹேண்டில்பாரில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அதை நாமாகக் கழற்றி மாட்டக் கூடாது.

மெர்சிங்_வழி

டயரைப் பற்றி யாரும் பேசவில்லையே! துவாஸுக்குத் தினமும் போகிறவர் பெரிய கட்டை டயர் போடாதீர்கள். மழையில் வெள்ளைக் கோட்டின் மேலும் மேம்பாலத்து இரும்பு இணைப்பின் மேலும் அது வழுக்குவதை நான் பிஐஇ விரைவுச்சாலையில் அனுபவித்திருக்கிறேன், விழவில்லை, ஆனால் அன்று வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை கை நடுங்கியது. பாதி சாலை, பாதி மண் என்று இருக்கும் நடுத்தர டயர் போதும்.

செம்பனைத் தோட்டத்தில் உண்மையான எதிரி மட்டையின் முள். வெட்டிப் போட்ட மட்டை மேல் ஏறினால் டியூப் போயிற்று. இந்த பைக்கில் முன்னால் 21 அங்குலம், பின்னால் 18. பையில் ஒரே டியூப்தான் வைக்க இடம் என்றால் 21 அங்குல டியூபை வையுங்கள், அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் அதைத் திணித்து வீடு வந்து சேரலாம், 18-ஐ முன்னால் போட முடியாது. டயர் கழற்றும் கம்பி இரண்டு, சின்ன பம்ப், கிளட்ச் லிவர் ஒன்று. வீட்டு வாசலில் ஒரு முறை கழற்றிப் பழகிவிட்டுப் போங்கள்.

இன்ஜினின் அடிப்பக்கத்தைக் காக்கும் அலுமினிய பாஷ் பிளேட்டும், உள்ளே உலோகம் வைத்த ஹேண்ட் கார்டும் அவசியம். பிளேட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே அந்தச் செம்மண் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், வந்த அன்றே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். இன்னொன்று, தோட்டம் அடுத்தவர் நிலம். காவலாளியிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள், பழக் குலை ஏற்றிய லாரி வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். நாம் தூசி கிளப்பிவிட்டு வந்தால் அடுத்து வருகிறவர்களுக்குக் கதவு மூடிவிடும்.

ஈசூன்_2ஏ

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் தம்பியை வைத்து அளந்தேன், 112 மில்லிமீட்டர்! எக்ஸாஸ்டை விட்டுவிட்டேன். என் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் முன்னும் பின்னும் சொல்லியாயிற்று, 13 பல் ஸ்ப்ராக்கெட்டும் பாஷ் பிளேட்டும் வாங்கிவிட்டேன். சீட்டைக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சீவலாம் என்று இருக்கிறேன். ஸ்பிரிங் மாற்றிய பிறகு வேறு ஏதாவது சரிபார்க்க வேண்டுமா?

செம்மண்_சக்கரம்

மறுபடி அளந்து 80-க்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள், செயின் தளர்வையும் நீங்கள் உட்கார்ந்த நிலையில் பாருங்கள். அப்புறம் ஹெட்லைட். இவ்வளவு நாள் பின்பக்கம் அமுங்கியே இருந்ததால் யாராவது வெளிச்சத்தைக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். இப்போது பைக் நிமிர்ந்ததும் அது முன்சக்கரத்துக்கு முன்னாலேயே விழும், இரவில் கிளம்பும் முன் ஒரு சுவர் முன்னால் நிறுத்தித் திருகிச் சரிசெய்துவிடுங்கள்.