தலையை மண்ணில் விட்டுக் கிழங்கை எடுப்பதற்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர் (திங்கள் காலை)

அன்புள்ள குழுவினருக்கு,

கல்லூரி மாணவர்களுக்கான மானிடவியல் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். நான்காம் இயலை வெள்ளிக்கிழமை இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். எல்லாம் முடிந்து ஒரே சொல்லில் நிற்கிறேன்: பாராகல்டிவேஷன்.

இடம் தெற்குக் கேமரூனின் மழைக்காடு. மக்கள் பாகா, வேட்டையாடியும் காட்டில் உணவு தேடியும் வாழ்ந்து வந்தவர்கள். செடி, டயாஸ்கோரியா பிரிஹென்சிலிஸ் என்னும் காட்டுக் கொடி. மழை தொடங்கியதும் புதுத் தண்டு கிழங்கிலுள்ள மாவை எல்லாம் இழுத்துக்கொண்டு மரத்தின்மேல் ஏறுகிறது. கிழங்கு சுருங்கிச் சக்கையாகிறது. மேலே இலை விரிந்து வெயில் கண்டபின் கீழே புதுக்கிழங்கு பருக்கத் தொடங்குகிறது. வறண்ட மாதங்களில்தான் அது தின்னத் தகும். அதை எடுப்பதும் எளிதன்று. மேலே முள்வேர்கள் பின்னிக் கிடக்க, கிழங்கு நேர்க்குத்தாக ஆழத்தில் இறங்கியிருக்கும்.

பாகாவினர் தோண்டிக் கிழங்கை அறுத்து எடுக்கிறார்கள். ஆனால் கொடியோடு ஒட்டிய தலையை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள்; குழியை மண்ணிட்டு நிரப்புகிறார்கள். பின்னொரு பருவத்தில் அதே கொடியிடம் திரும்பி வருகிறார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் எட்மண்ட் டூனியாஸ் இதைத்தான் அந்தப் பெயரால் அழைத்தார். செடியை அதன் காட்டை விட்டுப் பெயர்க்காமல் விளைச்சலைத் தூண்டி, கைக்கு வசப்படுத்தும் நுட்பங்களும் அவற்றை ஒட்டிய சமூக விதிகளும் சேர்ந்தது அது.

என் வரைவில் 'பகுதி வேளாண்மை' என்று வைத்திருந்தேன். இரவு மீண்டும் படித்தபோது, பகுதிநேர வேளாண்மை என்றே பொருள் படுகிறது. உதவுங்கள்.

தனித்தமிழ் ஆர்வலர் (திங்கள் மதியம்)

அக்கா, 'பாரா' என்றால் பக்கம், அருகு. அதற்கு நம்மிடம் 'புடை' இருக்கிறது. புடைவேளாண்மை. இரண்டும் தூய தமிழ். மூலத்தின் உறுப்புகளும் அப்படியே வந்துவிடுகின்றன. 'இணை', 'துணை' என்று போனால் துணை மருத்துவம்போல ஏதோ ஓர் உதவித்தொழில் என்ற எண்ணம் வந்துவிடும்.

கல்லூரி ஆசிரியை (திங்கள் மாலை)

தம்பி சொன்ன சொல்லைப் பிற்பகல் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, பொருள் சொல்லாமல் கேட்டேன். கிழங்கு என்ற குறிப்பை மட்டும் கொடுத்தேன். 'கிழங்கைப் புடைக்கச் செய்யும் வேளாண்மை' என்றார்கள். புடை என்பதைப் பக்கம் என்று எடுத்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. சொல் தூயதாக இருக்கலாம். படிப்பவரைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போனால் அந்தத் தூய்மையால் என் மாணவருக்குப் பயனில்லை.

என் பரிந்துரை 'பேணறுவடை'. பேணிக்கொண்டே அறுவடை செய்வது. பேண் என்பது வினையடி, வினைத்தொகை, புணர்ச்சியும் சரி.

புலவர் ஐயா (திங்கள் இரவு)

அன்புடையீர், கபிலர் பறம்பு மலையைப் பாடிய புறநானூறு 109ஆம் பாட்டு நினைவுக்கு வரவில்லையா? 'உழவர் உழாதன நான்குபயன் உடைத்தே' என்கிறார். மூங்கில் நெல், பலா, தேன் ஆகியவற்றோடு வைத்து எண்ணிய மூன்றாவது பயன், 'கொழுங்கொடி வள்ளிக் கிழங்குவீழ்க் கும்மே'. காட்டு வள்ளியை உழாத விளைவு என்று நம் முன்னோர் வகைப்படுத்தியே வைத்திருக்கிறார்கள். ஆகவே 'உழாப் பயிர்'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும்.

வள்ளி என்பதற்கும் வேர் சொல்லிவிடுகிறேன். வள் என்றால் வளைதல். வளை, வளையம், வள்ளம் எல்லாம் அதன் வழி வந்தவை. வளைந்து ஏறுவது வள்ளி. வலம் என்பதையும் இதே வேரில் சேர்க்கலாம் என்பது என் நெடுநாள் கருத்து. வலமாகச் சுற்றுவதே வளைதலின் முதல் வடிவம்.

தாவரவியல் ஆசிரியர் (செவ்வாய் காலை)

ஐயா, வலம் பற்றிய தங்கள் வேர்ச்சொல்லை நான் ஏற்கவும் மாட்டேன், மறுக்கவும் தகுதியில்லை. ஆனால் செடியளவில் ஓர் உண்மை உண்டு. டயாஸ்கோரியா இனங்களில் சில வலப்புறமும் சில இடப்புறமும் சுற்றும். ஓர் இனத்துக்குள் அது மாறாத பண்பு. பிரிஹென்சிலிஸ் வலம். ஆப்பிரிக்காவின் இன்னொரு காட்டு வள்ளியான டுமெட்டோரம் இடம். அது மூன்று சிற்றிலை கொண்டது, கசப்பது, ஊறவைத்து வேகவைத்து நஞ்சு நீக்காமல் அதன் காட்டு வகைகளைத் தின்ன முடியாது. ஆகவே சுற்றைப் பார்ப்பது வெறும் அழகுக்காக அன்று. மேலிருந்து பார்ப்பவருக்கும் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும் வலமும் இடமும் மாறித் தெரிவதால் புத்தகங்களிலேயே குழப்பம் உண்டு. வலம்புரி, இடம்புரி என்ற நம் சொற்களை இங்கே வரையறுத்துப் பயன்படுத்தலாம். அதைத் தனி இழையில் பேசுவோம்.

அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். இயல் முழுக்க அந்தக் கொடியை எப்படிக் குறிக்கிறீர்கள்? யாம் என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் சேனை என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. சேனை கொடியே அன்று; வேறு குடும்பம். வள்ளி என்று மட்டும் எழுதினால் சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் முன்னால் வந்து நிற்கும். அவை இரண்டும் அமெரிக்காவிலிருந்து வந்து வள்ளியின் பெயரை எடுத்துக்கொண்டவை. உண்மையான வள்ளி இன்று அடைமொழி இல்லாமல் தன் பெயரையே சொல்ல முடியாத நிலையில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் (செவ்வாய் மதியம்)

சேனை என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தேன். திருத்திவிட்டேன்; நன்றி ஐயா. 'காட்டு வள்ளி' என்று வைத்து, முதலில் வரும் இடத்தில் சர்க்கரைவள்ளி அன்று என்று விளக்கிவிட்டேன்.

புலவர் ஐயா, 'உழாப் பயிர்' என் காதுக்கு இனிக்கிறது. ஆனாலும் அதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அது மனிதர் செய்யாததைச் சொல்கிறது. இந்த இயல் பேசுவது அவர்கள் செய்வதை. 1980களில் மானிடவியலில் ஒரு பெரிய விவாதம் நடந்தது: பக்கத்தில் உழவர்கள் இல்லாமல், மழைக்காட்டின் விளைவை மட்டும் நம்பி மனிதர் வாழ்ந்திருக்க முடியுமா? தாமஸ் ஹெட்லண்ட் 1987இல் அதற்குக் காட்டு வள்ளிக் கேள்வி என்றே பெயர் வைத்தார். பின்னர் ஹிரோகாசு யசுவோகா கேமரூனில் பாகா குடும்பங்களோடு காட்டுக்குள் போனார். மொலோங்கோ என்னும் அந்த நெடும்பயணத்தில், வறண்ட காலத்தில், அவர்களின் முதன்மை உணவாகக் காட்டு வள்ளியே இருந்ததைக் கண்டார். பழைய முகாம் இருந்த இடங்களில் காட்டு வள்ளி அடர்ந்து கிடப்பதையும் பின்னர் எழுதினார். மரம் சாய்ந்து வெயில் விழும் இடம், மனிதர் விட்டுப்போன கிழங்குத் தலை. இரண்டும் சேர்ந்தால் கொடி எழும்பிவிடும்.

அந்தக் காட்டில் 'தானாக' விளைந்ததாகத் தோன்றும் கொடிக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. அந்தக் கையை மறைக்கும் சொல் எனக்கு வேண்டாம்.

கல்லூரி ஆசிரியை (செவ்வாய் மாலை)

உழவில்லா வேளாண்மை என்பது நிலத்தைக் கிளறாமல் விதைக்கும் இக்கால முறைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. 'உழாப் பயிர்' அதோடும் மோதும். என் சொல்லையும் வகுப்பில் சோதித்துவிட்டேன். இருவர் 'பெண்ணறுவடை' என்று படித்தார்கள். மீட்டுக்கொள்கிறேன்.

தனித்தமிழ் ஆர்வலர் (செவ்வாய் இரவு)

இருவர் தவறாகப் படித்ததற்காகச் சொல்லைக் கைவிடுவதா? பேருந்து என்ற சொல்லையும் முதலில் யாரும் படித்துப் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். வழங்க வழங்கத்தான் பொருள் ஊறும். மேலும் பேண், பெண் இரண்டும் ஒரே வேர். பேணுபவள் பெண். தவறாகப் படித்தவர்களும் வேருக்குத்தான் போயிருக்கிறார்கள்.

புலவர் ஐயா (புதன் காலை)

தம்பி, பேண் நெடில், பெண் குறில். கருத்து அழகாக இருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது. என் வலத்தைப் பற்றியும் இதையே சொல்வீர்கள் என்று தெரியும். அதை நான் பிறகு நிறுவுகிறேன்.

அம்மா சொன்ன அந்தக் கை என்னை இரவெல்லாம் விடவில்லை. குறுந்தொகை 233ஐ எடுத்துப் பார்த்தேன். 'கவலை கெண்டிய அகல்வாய்ச் சிறுகுழி'. கவலை என்பது வள்ளிபோன்ற ஒரு காட்டுக் கிழங்கு, கெண்டுதல் தோண்டுதல். அந்தக் குழியில் கொன்றைப் பூ உதிர்ந்து கிடக்கிறது. செல்வர் பொன்னிட்டு வைக்கும் பேழையை மூடி திறந்து வைத்ததுபோல் இருக்கிறது என்கிறார் புலவர். ஐம்பது ஆண்டு இந்தப் பாட்டைப் பாடம் சொல்லியிருக்கிறேன். குழி திறந்தே கிடக்கிறது என்பதை நேற்றுத்தான் கவனித்தேன். நம் பாட்டில் கிழங்கெடுத்தவர் மூடாமல் போய்விட்டார். பாகாவினர் மூடுகிறார்கள். உங்கள் சொல்லில் அந்த மூடுதல் வர வேண்டும். அகழ்தல் பழைய சொல், மாணவருக்கும் தெரிந்தது. 'பேணகழ்வு' என்றால் என்ன?

மொழிபெயர்ப்பாளர் (புதன் காலை)

ஐயா, இதைப் படித்ததும் சொல்லிப் பார்த்தேன். நாவில் தடங்கவில்லை.

தாவரவியல் ஆசிரியர் (புதன் மதியம்)

எனக்குத் தடங்குகிறது, நாவில் இல்லை, பொருளில். டூனியாஸின் வரையறை கிழங்கோடு நிற்பதில்லை. தோண்டவே தேவையில்லாத காட்டுச் செடிகளையும் அப்படிப் பேண முடியும். அகழ்வு என்று பூட்டிவிட்டால், நாளை கனிமரத்தைப் பற்றி எழுதுபவர் என்ன செய்வார்? 'நின்றிடப் பேணல்' என்று பொதுவாக வையுங்கள். செடி நின்ற இடத்திலேயே நிற்கிறது; அதுதான் இதன் உயிர்.

இன்னொன்று. நைஜீரிய உழவர்கள் வயலில் பயிரிடும் வெள்ளை வள்ளியிலும் இதே கைவினை உண்டு. பருவத்தின் நடுவில் மண்ணை விலக்கி, தலைக்குக் கீழே கிழங்கை அறுத்துக்கொண்டு, கொடியை மீண்டும் மண்ணில் அணைத்துவிடுவார்கள். தலையிலிருந்து சிறு கிழங்குகள் மீண்டும் கிளைக்கும். அவை அடுத்த நடவுக்கு விதை. ஆங்கிலத்தில் அதற்குப் பால் கறத்தல் என்றே பெயர். நமக்கும் கறவை என்ற சொல் கைவசம் இருக்கிறது. இரண்டையும் வேறுபடுத்தியாக வேண்டும்: அது வயல், இது காடு. அகழ்வு என்ற சொல் அந்த வேறுபாட்டையும் காட்டவில்லை.

கல்லூரி ஆசிரியை (புதன் மாலை)

'பேணல்' என்றாலே உயிரியல் பாடத்தில் அருகும் இனங்களைக் காப்பாற்றுவது என்று மாணவர் எடுத்துக்கொள்கிறார்கள். நின்றிடப் பேணல் என்றதும் காட்டுக்கு வேலி போட்டு மனிதரை வெளியே அனுப்புவதைத்தான் நினைப்பார்கள். அம்மாவின் இயல் சொல்வதற்கு நேர் எதிர். அகழ்வு இருந்தால் குறைந்தது மண்வெட்டி பிடித்த மனிதர் ஒருவர் கண்ணில் தெரிகிறார். என் வாக்கு பேணகழ்வுக்கு.

தனித்தமிழ் ஆர்வலர் (வியாழன்)

புடைவேளாண்மை இன்னும் என் விருப்பம். ஆனால் கெடு நாளை. பேணகழ்வுக்கு நானும் கை தூக்குகிறேன்.

மொழிபெயர்ப்பாளர் (வெள்ளி இரவு)

இயலை அனுப்பிவிட்டேன். உள்ளே பேணகழ்வு. முதலில் வரும் இடத்தில், 'கொடியின் தலையை நிலத்தில் விட்டு, குழியை மூடி, மீண்டும் வந்து கிழங்கெடுக்கும் முறை' என்று முழு வரியாக எழுதியிருக்கிறேன். சொல்லடைவில் பாராகல்டிவேஷன் என்பதையும் தமிழ் எழுத்தில் சேர்த்துவிட்டேன். கனிமரம் பற்றிய பேச்சு இந்த இயலில் இல்லை; வந்தால் சொல் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தாவரவியல் ஆசிரியர் (வெள்ளி இரவு)

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ஒரு செடியை வைத்துப் பொதுச்சொல் ஆக்கியது தவறு. அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.

புலவர் ஐயா (சனி காலை)

வலம் என்ற சொல்லுக்குச் சான்றுகள் எடுத்துவிட்டேன். தனி இழை தொடங்குகிறேன்.

மொழிபெயர்ப்பாளர் (சனி மாலை)

ஐந்தாம் இயல் பெனின் நாட்டைப் பற்றியது. அங்கே உழவர்கள் காட்டிலிருந்து காட்டு வள்ளியைக் கொண்டுவந்து வயலில் நட்டு, பல பருவம் மீண்டும் மீண்டும் நட்டுத் தேர்ந்து, வயல் வள்ளியாக மாற்றிக்கொள்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்க வெள்ளை வள்ளியின் முன்னோர்களுள் நம்முடைய பிரிஹென்சிலிஸும் உண்டு என்பது 2019, 2020 ஆண்டுகளின் மரபணு ஆய்வு. பிரெஞ்சுக்காரர் இந்த மாற்றத்துக்கு 'உயர்குடி ஆக்குதல்' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே தமிழில் எழுத என் கை வரவில்லை. காட்டில் இருந்தது தாழ்ந்தது என்றாகிவிடும். கெடு இருபது நாள்.