மூளையில் புரதம் படிகிறது என்றால் முட்டையை நிறுத்தணுமா?

திருமங்கலத்தான்:
அப்பாவுக்கு வயது 68, வலது கை நடுக்கம். மதுரையில் நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லி சிண்டோபா மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூளை செல்லுக்குள் ஒரு புரதம் திரண்டு படிகிறது என்று அவர் விளக்கினதைக் கேட்ட அம்மா, வீட்டுக்கு வந்ததும் முட்டை, பருப்பு, கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரசம் சோறு, அப்பா யாரோடும் பேசுவதில்லை. இதில் அர்த்தம் இருக்கா? இன்னொன்று, மேலூர் சித்தப்பாவுக்கும் முதலில் பார்க்கின்சன் என்று சொல்லி இப்போது பி.எஸ்.பி. (ப்ரோகிரெஸிவ் சூப்ராநியூக்ளியர் பால்ஸி) என்கிற வேறொரு மூளை நோய் என்கிறார்கள். ரெண்டும் ஒரே படிவுதானா, குடும்ப நோயா?

லேப்காரன்:
முதலில் கறியைப் போடச் சொல்லுங்க. சாப்பிடும் புரதம் குடலிலேயே அமினோ அமிலங்களாக உடைந்துவிடும், அது அப்படியே போய் மூளையில் படியாது. படிவது நம் நரம்பு செல்லே செய்கிற ஆல்பா சைனுக்ளீன், 140 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம், எல்லார் மூளையிலும் இருக்கிறது. அது தப்பாக மடிந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்போதுதான் வில்லங்கம். அந்தத் திரளை 1912-லேயே லூயி என்கிற ஜெர்மன் டாக்டர் விவரித்துவிட்டார், அதில் இருப்பது பெரும்பாலும் இந்தப் புரதம்தான் என்று தெரிந்தது 1997-ல். திரளில் இருக்கிற புரதத்தில் சுமார் 90 சதவீதத்துக்கு அதன் 129-வது அமினோ அமிலத்தில் பாஸ்பேட் என்கிற ஒரு சின்ன வேதித் துணுக்கு ஒட்டியிருக்கும், சாதாரண மூளையில் அது 4 சதவீதம் அளவுதான். நோயியல் துறையில் சாயம் ஏற்றித் தேடுவது இந்த பாஸ்பேட் ஒட்டிய வடிவத்தைத்தான். அது ஒட்டுவதால் திரள்கிறதா, திரண்ட பிறகு ஒட்டுகிறதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

செல்லூர் அக்கா:
தம்பி, அம்மா செய்தது முழுக்கத் தப்பும் இல்லை, காரணம்தான் வேற. அந்த மாத்திரையில் இருக்கிற லெவோடோபாவும் ஒரு அமினோ அமிலம். பருப்பு, கறியோடு சேர்த்துப் போட்டால் குடலில் ரெண்டும் முட்டிமோதி மருந்து சரியாக ஏறாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி கொடுங்க. என் மாமனாருக்கு இட்லி சாம்பாரோடு கொடுத்தப்ப மதியம் வரை கை கால் மரக்கட்டைதான், நேரத்தை மாத்தினதும் தானே எழுந்து நடந்தார். புரதத்தை அடியோடு நிறுத்தினால் உடம்பு வத்திப் போகும், விழுந்தால் எலும்பு தாங்காது.

லேப்காரன்:
அக்கா சொல்வது சரி. அப்புறம் பி.எஸ்.பி. விஷயம். அதில் படிவது டாவ் என்கிற வேறு புரதம். நரம்பு செல்லுக்குள் சரக்கு போகும் நுண்குழாய்களைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அளவுக்கு மீறி பாஸ்பேட் ஏறினால் பிடி நழுவி முடிச்சு முடிச்சாகச் சேரும். 1964-ல் டொரொண்டோ டாக்டர்கள் மூன்று பேர் இதைத் தனி நோயாக எழுதினார்கள். ஆரம்பத்திலேயே பின்பக்கம் சாய்ந்து விழுவார்கள், கண்ணைக் கீழே இறக்கிப் பார்க்க முடியாது, படியிறங்கத் திணறுவார்கள். லெவோடோபா பெரிதாகக் கைகொடுக்காது. தொடக்கத்தில் பார்க்கின்சன் மாதிரியே இருப்பதால் பெயர் பிறகு மாறுவது சகஜம், டாக்டரைத் திட்டாதீங்க. அண்ணனுக்கு ஒரு புரதம் தம்பிக்கு வேறு புரதம் என்கிறபோது குடும்ப நோய் என்று சொல்ல முடியாது, ரெண்டுமே பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை.

திருமங்கலத்தான்:
சித்தப்பாவுக்கு அப்படியேதான் இருக்கு, முன்னாடி இருக்கிற தட்டே தெரியவில்லை என்கிறார். கடைசியாக ஒன்று, கீழமாசி வீதியில் பூனைக்காலி விதைப் பொடி வாங்கி அப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று பெரியப்பா நிற்கிறார்.

செல்லூர் அக்கா:
வேண்டாம்பா. அந்த விதையிலும் லெவோடோபாதான் இருக்கு. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு எகிறி வாந்தி, தலைசுற்றல், கை கால் தானாக முறுக்கும். டாக்டரிடம் கேட்காமல் ஒரு ஸ்பூன்கூடக் கொடுக்காதீங்க.