விதவைகளுக்குத் தையல் மெஷின் கொடுத்தால் போதுமா?

பவர்டேபிள்காரன், திருப்பூர்:
"விதவைக்கு ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுங்கள், அந்தக் குடும்பத்துக்கு ஆயுசுக்கும் சோறு" என்று நேற்று இங்கே ஒரு மகான் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கால் மெஷினா, பவர் மெஷினா? அதைச் சொல்லவே இல்லை. இங்கே பனியன் கம்பெனியில் ஓடுவதெல்லாம் ஓவர்லாக், பேட்லாக் என்று பனியன் துணி தைக்கிற மெஷின்கள், எல்லாமே கரண்டில் ஓடுகிற பவர் மெஷின். மிதிக்கிற மெஷினில் பனியன் துணியைத் தைத்துவிட்டு ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், நூல் பட்டென்று அறுந்துவிடும்.

அந்தியூரான்:
அந்த மகான் நான்தானுங்க, பெயரைச் சொல்ல வாய் கூசுகிறதோ? எங்கள் சங்கத்தில் கொடுத்த மெஷினில் ஊருக்குள்ளேயே ஜாக்கெட் தைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் உங்கள் பனியனையே தைக்க வேண்டுமா? சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசாங்கமே விதவைகளுக்கு இலவச மெஷின் கொடுக்கிறது, அவர்களும் விவரம் கெட்டவர்களா?

பவர்டேபிள்காரன்:
அரசாங்கம் தையல் பழகிய சான்றிதழ் கேட்டுத்தான் கொடுக்கிறது. நீங்கள் கேட்டீர்களா? சால்வை போட்டு போட்டோ எடுத்ததோடு சரி. அதிலும் 20 வயதிலிருந்து 40 வயது வரைதான், 42 வயதில் புருசனைப் பறிகொடுத்தவள் எங்கே போவாள்? அது கிடக்கட்டும். கால் மெஷினா, பவர் மெஷினா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

கோபி அம்மணி:
இரண்டு பேரும் மெஷினைக் கட்டிக்கொண்டு அழுங்கள். பிள்ளைகளை யார் நினைத்தீர்கள்? 2025 செப்டம்பரில் வந்த அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள், ஆனால் அது தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்த பிள்ளைகளுக்கு, இல்லையென்றால் மிச்சமிருக்கிறவரும் கவனிக்க முடியாத நிலையில் இருக்க வேண்டும். அதுவும் 18 வயது வரை. அம்மா தெம்பாக இருக்கிற வீட்டுக்குக் கிடையாது. அப்புறம் என்ன, மில் புரோக்கர் வருவான். மூன்று வருசம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சுமங்கலித் திட்டம் சொல்லி எத்தனை பெண்களை நூல் மில் விடுதியில் அடைத்தார்கள், மறந்துவிட்டதா? மெஷின் வாங்கும் காசை ஐடிஐ விடுதிக்கும் பஸ்ஸுக்கும் கொடுங்கள்.

பவர்டேபிள்காரன்:
நீங்கள் சொல்வது வேறு கதைங்க அம்மணி, அதைத் தனியாகப் பேசலாம். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. விதவைப் பென்சன் மாதம் 1,200 ரூபாய், அதை வைத்துக்கொண்டு இங்கே ஒரு ரூம் வாடகை கொடுக்க முடியாது. புதிதாக வருகிறவள் நூல் பிசிறு வெட்டவும், டெய்லருக்குத் துணியைக் கைமடித்துக் கொடுக்கவும்தான் முதலில் நிற்பாள், அதற்குக் கூலி கம்மி. ஓவர்லாக்கில் உட்கார்ந்து பழகினால் டெய்லர் கூலி, ஆனால் பழகுகிற நாளில் அவளுக்குச் சோறு போடுவது யார்? அதற்குப் பணம் கட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன், கால் மெஷினை வாங்கித் திண்ணையில் போட்டு மூடி வைக்காதீர்கள். பவர் மெஷின், பவர் மெஷின், பவர் மெஷின். புரிகிறதா?

அந்தியூரான்:
புரியாமல் என்ன, பழகினவள் எல்லாம் உங்கள் பவர்டேபிள் தையல் கூடத்துக்கே வந்து பீஸ் ரேட்டில் தைக்க வேண்டும், அதற்கு நாங்கள் நன்கொடை வசூல் பண்ண வேண்டும், நல்ல ரோசனை! நொய்யல் ஆற்றைச் சாயத்தில் முக்கி ஒரத்துப்பாளையம் அணையை நாசம் பண்ணின ஊர்க்காரர் எங்களுக்குத் தருமம் சொல்லித் தருகிறார்.

பவர்டேபிள்காரன்:
சாயப்பட்டறைக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்? நான் தைக்கிறவன். பதில் இல்லாதபோதெல்லாம் ஆற்றில் குதித்துவிடுகிறீர்கள். கால் மெஷினா...

காங்கேயத்தான்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். அந்தியூரான், போன ஆடியில் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தை பற்றிப் பேசினபோது என் காளையை எருமை என்று சொன்னீர்கள். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கோபி அம்மணி:
ஒரு பிள்ளைக்காவது ஐடிஐ விடுதிக் கட்டணம் கட்ட யாராவது தயாரா? காளை பிறகு பார்க்கலாம்.

அந்தியூரான்:
எருமை என்றுதான் சொன்னேன், இப்போதும் அதேதான்.