புயல் அடித்த மாநிலத்தில் கட்டளை யாருடையது? கத்ரீனா, இன்னொரு சுற்று

வைகைக்கரை எழுதியது:

போன வாரம் ஹெலீன் சூறாவளி இழையில் பாதியில் நின்ற பேச்சு இது. "பெரிய புயலுக்குப் பிறகு மீட்பை மாநிலம்தான் நடத்த வேண்டும், வாஷிங்டன் கேட்டதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கட்டும்" என்று பேட்டன்ரூஜ் அக்கா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. எப்படியும் பேச்சு கத்ரீனாவில்தான் போய் முடியும், அதனால் நேரே அங்கேயே போகிறேன்.

நியூ ஆர்லியன்ஸில் ஜாக்சன் பாரக்ஸ் என்று ஓர் இடம் உண்டு. லூசியானாவின் நேஷனல் கார்டு, அதாவது ஆளுநரின் (அங்கே ஓட்டு வாங்கி வருபவர், நம் ஊர் முதல்வர் மாதிரி) கீழ் இருக்கும் மாநிலப் படை, அதன் தலைமையகம். 2005 ஆகஸ்ட் 29 திங்கள் காலை கத்ரீனா கரையைக் கடந்தது. கால்வாய்ச் சுவர்கள் உடைந்தன. ஊரில் சுமார் 80 சதவீதம் மூழ்கியது. அந்தத் தலைமையகமும் மூழ்கியது. ஊரைக் காப்பாற்ற வேண்டிய படை முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, மாநிலப் படையின் ஒரு பிரிகேடு, சுமார் 3,000 பேர், அப்போது ஈராக்கில்.

கழுத்தளவு தண்ணீரில் நிற்பவனிடம் "என்ன வேண்டும், எழுதிக் கொடு" என்று கேட்கிற முறைக்குத்தான் நாம் கூட்டாட்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். புயல் இந்த அளவு என்றால் ராணுவ ஜெனரல் ஒருவர் கையில் முழுப் பொறுப்பையும் கொடுத்துவிட வேண்டும். என் கட்சி இவ்வளவுதான்.

பேட்டன்ரூஜ் அக்கா எழுதியது:

தம்பி, அந்தச் சுவர்களைக் கட்டியது யார் என்று ஏன் சொல்லவில்லை? ராணுவப் பொறியாளர் படை. முழுக்க மத்திய அரசுடையது. வடிவமைப்பிலேயே கோளாறு என்று 2006இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். புயலுக்கு முன் நகரத்துக்குள் ஃபெமா, அதாவது மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை முகமை, வைத்திருந்த ஆள் ஒரே ஒருவர். மாநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கானோர் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்ததை டிவி பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஃபெமா தலைவர் செப்டம்பர் 1 அன்று, தனக்கு இன்றுதான் தெரியும் என்றார். இவர்கள் கையில் முழுப் பொறுப்பா?

மாநிலம் உருப்படியாகச் செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் ஒரே திசையில் வண்டி விடுகிற ஏற்பாடு. 2004இல் ஐவன் புயலுக்கு அது சொதப்பியது. அதைத் திருத்தி வைத்திருந்ததால் கத்ரீனாவுக்கு முன் 10 லட்சம் பேருக்கு மேல் வெளியே போக முடிந்தது. வனவிலங்கு மீன்வளத் துறையின் படகுகள் திங்களன்றே இறங்கிவிட்டன.

அப்புறம் நான் கண்ணால் பார்த்தது ஒன்று. அந்த வாரம் எங்கள் ஊர் பேட்டன்ரூஜில் ஒரு முகாமில் சமையல் பக்கம் உதவிக்குப் போயிருந்தேன். மதியம் ஒரு குளிர்பதன லாரி வந்து நின்றது. முழுக்க ஐஸ். நாங்கள் கேட்டது குழந்தைகளுக்குப் பால்பவுடரும் டயப்பரும். டிரைவர் மிசௌரிக்காரர், பாவம், மூன்று நாளாக இடம் மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். "பொறுப்பு அதிகாரி கையெழுத்து இல்லாமல் இறக்க முடியாது" என்கிறார். முகாமில் யார் பொறுப்பு அதிகாரி? ஒருவருக்கும் தெரியவில்லை. இறக்க ஃபோர்க்லிஃப்டும் இல்லை. மேலே இருந்து தள்ளிவிட்டால் இப்படித்தான் வரும்.

வைகைக்கரை எழுதியது:

அக்கா, ஐஸ் லாரி என் கட்சிக்குத்தான் சாட்சி. கையெழுத்துப் போட ஒருவரை நியமிக்காதது மாநிலம்!

சரி, தேதி வரிசையில் வருவோம். வெள்ளிக்கிழமை 26ஆம் தேதியே ஆளுநர் பிளாங்கோ நெருக்கடிநிலை அறிவித்துவிட்டார். சனிக்கிழமை இரவு தேசிய சூறாவளி மையத்தின் இயக்குநரே ஆளுநருக்கும் மேயர் நேகினுக்கும் போன் போட்டுப் பேசினார். கட்டாயமாக வெளியேறுங்கள் என்ற உத்தரவு எப்போது வந்தது? ஞாயிறு காலை ஒன்பதரை வாக்கில். மறுநாள் காலை ஆறு மணிக்குப் புயல் வாசலில். முழுசாக ஒரு நாள்கூட இல்லை.

இத்தனைக்கும் 2004 ஜூலையில் 'பேம்' என்று கற்பனைப் புயல் ஒன்றை வைத்து உங்கள் ஊரிலேயே ஒத்திகை நடந்தது. நியூ ஆர்லியன்ஸில் தண்ணீர் தேங்கும், கார் இல்லாத சுமார் 1 லட்சம் பேர் மாட்டிக்கொள்வார்கள் என்று அதிலேயே தெரிந்தது. அடுத்த ஆண்டு நிஜப் புயலில், ஓட்ட ஆள் இல்லாமல் பள்ளிப் பேருந்துகள் மஞ்சள் மஞ்சளாக வரிசையாகத் தண்ணீரில் நின்ற படத்தை உலகமே பார்த்தது.

திங்களன்று ஆளுநர் ஜனாதிபதி புஷ்ஷிடம் போனில் கேட்டது: உங்களிடம் இருப்பதெல்லாம் வேண்டும். பதற்றம் புரிகிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் இருப்பவர் எதை ஏற்றி அனுப்புவார்? 40,000 படையினர் என்று எண்ணிக்கை சொன்னது புதன்கிழமை.

கத்திரிவெயில் எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம். நம் ஊரில் புயல் என்றால் கலெக்டர் ஜீப்பில் ஏறினதும் வருவாய், போலீஸ், மின்வாரியம், பள்ளிக்கூடச் சாவி எல்லாம் அவர் பின்னால் வரும். அங்கே அந்த நாற்காலி யாருடையது?

பேட்டன்ரூஜ் அக்கா எழுதியது:

நல்ல கேள்வி. அப்படி ஒரு நாற்காலியே இல்லை! லூசியானாவில் மாவட்டத்துக்குப் பாரிஷ் என்று பெயர். அதன் தலைவர் ஓட்டு வாங்கி வந்தவர். ஷெரீஃப் தனியாக ஓட்டு வாங்கி வந்தவர். மேயரும் அப்படியே. ஆளுநர் இவர்களை இடமாற்றமும் செய்ய முடியாது, மெமோவும் கொடுக்க முடியாது. பக்கத்து ஊர் போலீஸ் பாலத்தை மறித்து, நியூ ஆர்லியன்ஸிலிருந்து நடந்து வந்த ஜனங்களைத் திருப்பி அனுப்பியதும் அந்த வாரம்தான்.

இதற்காகவே சொல்கிறேன்: இத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒருவர்தான் வேலை வாங்க முடியும். டெக்சஸ் கோட்டையிலிருந்து வரும் ஜெனரலால் முடியாது.

பேருந்து விஷயத்தில் வைகைக்கரை சொன்னது பாதிதான். நகரமும் மாநிலமும் கோட்டைவிட்டது நிஜம், மறுக்கவில்லை. ஆனால் ஃபெமா 500 பேருந்து தருகிறேன் என்றது திங்களன்று. போக்குவரத்துத் துறைக்குச் சொன்னது புதன் அதிகாலை. பேருந்துகள் சொல்லிக்கொள்ளும்படி வந்தது வியாழன். அந்த இரண்டு நாளும், ஜனங்கள் தஞ்சம் புகுந்திருந்த சூப்பர்டோம் விளையாட்டரங்கில் கழிப்பறை நிரம்பி வழிய ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

சட்டப்புள்ளி எழுதியது:

இரண்டு பேருமே விட்டுவிட்ட ஒரு ராத்திரி இருக்கிறது. செப்டம்பர் 2, வெள்ளி. பகலில் புஷ்ஷும் பிளாங்கோவும் விமானத்திலேயே பேசினார்கள். நள்ளிரவு வாக்கில் வெள்ளை மாளிகையிலிருந்து ஒரு வரைவு ஒப்பந்தம் வந்தது. மாநிலப் படையும் ராணுவமும் ஒரே தளபதியின் கீழ். அவர் ஆளுநருக்கும் பதில் சொல்வார், ஜனாதிபதிக்கும் பதில் சொல்வார். பிளாங்கோ கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் புஷ் 7,000 ராணுவத்தினரைத் தனியாக அனுப்பினார். அவர்களுக்கு ஜெனரல் ஹானோரே தளபதி. மாநிலப் படைக்கு ஜெனரல் லாண்ட்ரனோ. ஒரே ஊரில் இரண்டு கட்டளைச் சங்கிலி.

மறுத்ததில் அவருக்கும் நியாயம் இருந்தது. ஆளுநரின் கீழ் இருக்கும்வரை நேஷனல் கார்டு போலீஸ் வேலை பார்க்கலாம். ஜனாதிபதியின் கீழ் போய்விட்டால், கலகத் தடுப்புச் சட்டத்தைக் கையில் எடுத்தாலொழிய, கூடாது.

இன்னொன்று. பிற மாநிலங்களிலிருந்து 50,000 பேர் அளவில் நேஷனல் கார்டு வந்தது வாஷிங்டன் அனுப்பி அல்ல. மாநிலங்களுக்குள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, 1996இல் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. 1992இல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவைத் துவைத்துப் போட்டதன் பின்விளைவு அது.

ஹூஸ்டன்காரன் எழுதியது:

எல்லாம் சரி. உத்தரவு போடுபவர் யார் என்பதைவிட அது யார் காதில் எப்படி விழுகிறது என்பது பெரிய விஷயம். நான் ரீட்டா புயலில் சிக்கியவன்.

கத்ரீனா வந்து மூன்றே வாரம். அந்தப் படங்கள் எல்லோர் மண்டையிலும் ஓடிக்கொண்டிருந்தன. கடலோரத்துக்கு மட்டும் போக வேண்டிய செய்தி கேட்டு உள்ளே இருந்தவர்களும் கிளம்பிவிட்டோம், 25 லட்சம் பேருக்கு மேல். டல்லஸுக்கு நாலு மணி நேர வழி. எங்களுக்கு 22 மணி நேரம் ஆனது. ஏசியை அணைத்து, கதவைத் திறந்து வைத்து, முன் வண்டி நகர்ந்தால் தள்ளிக்கொண்டு போனோம். என் மனைவி கையில் புளிசோற்று டப்பா. பக்கத்து வண்டிக் குழந்தைகளும் அதில்தான் சாப்பிட்டார்கள். எதிர்ப்பக்கத்துச் சாலை காலியாக வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அதைத் திறந்துவிட மாநிலத்துக்கு வியாழன் பிற்பகல் ஆகிவிட்டது. அக்கா பெருமையாகச் சொன்ன அதே ஏற்பாடு எங்களிடம் தயாராக இல்லை. வெள்ளி அதிகாலை டல்லஸ் பக்கத்தில் முதியோர் இல்லத்துப் பேருந்து தீப்பிடித்து 23 பேர் போனார்கள்.

ஹூஸ்டன் அதை மறக்கவில்லை. 2017இல் ஹார்வி வந்தபோது கிளம்பிவிடுவது நல்லது என்று ஆளுநர் பேச, இருங்கள், சாலைக்கு வராதீர்கள் என்றார் மேயர். ரீட்டாவைப் பார்த்தவன் என்ற முறையில் மேயர் பக்கம்தான் நான். இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசியதை மட்டும் மன்னிக்க முடியாது.

வைகைக்கரை எழுதியது:

அப்படியானால் ஒரே குரல் வேண்டும் என்கிறீர்கள். அதைத்தானே நானும் சொல்கிறேன்.

மாநில எந்திரமே படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மரியா புயல், 2017 செப்டம்பர் 20, புவேர்ட்டோ ரிக்கோ. (மாநிலம் இல்லை, ஆட்சிப்பகுதி, சட்டப்புள்ளி குதிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.) மின்சாரம் போச்சு, போன் போச்சு. இறந்தவர்கள் 64 என்று அரசு சொல்லிக்கொண்டே இருந்தது. மறு ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 2,975 என்று மாற்றியது. பிணத்தை எண்ணக்கூட ஆள் இல்லாத அரசிடம் எதைக் கேட்பது?

பேட்டன்ரூஜ் அக்கா எழுதியது:

மரியாவில் சான் ஹுவான் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான கண்டெய்னர்கள் அடுக்கிக் கிடந்தன, தம்பி. சரக்குக்குப் பஞ்சமே இல்லை. லாரி டிரைவர்களைக் கூப்பிடப் போன் இல்லை, மலைக் கிராமத்துக்குப் போகச் சாலை இல்லை. மேலே இருப்பவர் துறைமுகம்வரை கொண்டுவந்துவிடுவார். கடைசிப் பத்து மைல் உள்ளூர்க்காரன் வேலை. அந்தப் பத்து மைலில்தான் சாகிறார்கள்.

2008 குஸ்டாவ் புயலையும் பார்க்க வேண்டும். அதே நியூ ஆர்லியன்ஸ், அதே மேயர், ஆளுநர் மட்டும் ஜிண்டல். கார் இல்லாதவர்களுக்கு ஏறுமிடம் குறித்து, பேருந்திலும் ரயிலிலும் பல ஆயிரம் பேரை வெளியே அனுப்பினார்கள். தெற்கு லூசியானாவிலிருந்து மொத்தம் 19 லட்சம் பேர் போனார்கள். ஜெனரல் வரவில்லை.

சட்டப்புள்ளி எழுதியது:

அந்தப் பேருந்துக்கும் ரயிலுக்கும் மத்தியப் பணமும் ஃபெமா ஏற்பாடும் இருந்தன, அக்கா. முழுக்க மாநிலக் கணக்கில் எழுத வேண்டாம்.

சட்டமும் இரண்டு பக்கமும் ஆடியிருக்கிறது. 2006இல் ஒரு சட்டம்: மாநிலத்தின் மனு வரும்வரை காத்திராமல் ஃபெமா பொருளை நகர்த்தலாம். இது வைகைக்கரைக்கு. அதே ஆண்டு, பேரிடரில் ஜனாதிபதி தானாகவே படையை இறக்கலாம் என்று இன்னொரு திருத்தம். 50 ஆளுநர்களும் கட்சி பார்க்காமல் எதிர்த்தார்கள், 2008இல் ரத்தாயிற்று. இது அக்காவுக்கு. கடைசியில் 2011 இறுதியில் வந்த சட்டம், பிளாங்கோ மறுத்த அந்த இரட்டைப் பொறுப்புத் தளபதியையே வழக்கமான ஏற்பாடாக்கியது. ஆளுநர் சம்மதத்தோடு. 2012 சாண்டி புயலில் பயன்படுத்தினார்கள்.

வைகைக்கரை எழுதியது:

ஆளுநர் சம்மதம் என்ற அந்த ஒரு சொல்லுக்கு ஐந்து நாள் விலை கொடுத்தோம் என்பதுதான் என் வருத்தம். ராணுவமே முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கடைசிப் பத்து மைல் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மனு இல்லாமலேயே லாரி கிளம்ப வேண்டும் என்பதில் மாற்றமில்லை. வேண்டாத ஐஸ் வந்து நிற்பது, வேண்டிய தண்ணீர் வராமல் இருப்பதைவிட மேல்.

அது இருக்கட்டும் அக்கா. அந்த ஐஸ் என்ன ஆயிற்று?

பேட்டன்ரூஜ் அக்கா எழுதியது:

சாயங்காலம்வரை நின்றது. குளிர்பதனப் பெட்டிக்கு டீசல் தீரப் போகிறது என்று டிரைவர் மறுபடி வந்தார். கையில் மாவோடு நான்தான் முன்னால் நின்றேன். கையெழுத்துப் போட்டேன். 'பதவி' என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதட்டும் என்றேன். ஏதாவது எழுதுங்கள் அம்மா என்றார். 'சமையல்' என்று எழுதினேன். பையன்கள் வரிசையாக நின்று கைமாற்றி இறக்கினார்கள். பாதியை இன்சுலின் வைக்க எடுத்துக்கொண்டோம், மீதி பக்கத்து முகாமுக்குப் போயிற்று.