கயல் வளைகாப்பு குழு: வண்டி பின்னால் அதிர்கிறது

புதன், இரவு 8.40

செந்தில்: எல்லோருக்கும் ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்குச் சீர் ஏற்றிப்போக வேண்டிய பிக்கப் சரியில்லை. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை. திண்டிவனம் ரோட்டில் மொரட்டாண்டி டோல் தாண்டி 70 பிடித்ததும் பின்பக்கம் அதிர ஆரம்பிக்கிறது. 80-ல் சீட்டே நடுங்குகிறது.

அம்மா: ஐயோ

அம்மா: நடுவில் மூன்று நாள்தானே இருக்கிறது

பாலு சித்தப்பா: டயர் பேலன்சிங்

செந்தில்: நான்கு சக்கரத்துக்கும் போன வாரமே பார்த்தாச்சு சித்தப்பா. துளி மாற்றம் இல்லை. இன்று ஒரு பட்டறையில் காட்டினேன். பின் அச்சின் ஹவுசிங்கைக் கழற்ற வேண்டும், உள்ளே பேரிங் போயிருக்கும், 18 ஆயிரம் ஆகும் என்கிறார்கள்.

பாலு சித்தப்பா: வேன் பேசிடலாம். லாஸ்பேட்டையில் தெரிந்த பையன் இருக்கிறான்.

தீபா: வேனுக்கும் பத்து ஆயிரம் கேட்பார்கள் மாமா

பண்ருட்டி அத்தை: பலாப்பழம் நாலு எடுத்து வைத்திருக்கிறேன். யார் வந்து எடுத்துப் போவீர்கள்?

கயல்: அத்தை, பலாப்பழம் எனக்கா?

பண்ருட்டி அத்தை: உனக்கு இல்லை. உன் மாமியார் வீட்டுக்கு. நீ ஒரு சுளைக்கு மேல் தொடாதே.

பெரியப்பா முதுநகர்: செந்தில், ஹவுசிங்கில் கை வைக்க விடாதே. யாரும் ஒரு நட்டுகூடக் கழற்ற வேண்டாம். முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல். ஸ்டீயரிங் ஆடுகிறதா, சீட் ஆடுகிறதா?

செந்தில்: ஸ்டீயரிங் அசையவே இல்லை பெரியப்பா. சீட்டும் தரையும்தான்.

பெரியப்பா முதுநகர்: அப்படியானால் முன் சக்கரத்தை இப்போதைக்கு விட்டுவிடு. பிரேக் பிடிக்கும்போது கூடுகிறதா?

செந்தில்: இல்லை

பெரியப்பா முதுநகர்: சரி, டிரம்மும் இல்லை. ஹவுசிங்கில் பேரிங் போனால் முதலில் ஊளைச் சத்தம் வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் ஒரு மாதிரி. அந்தச் சத்தம் இருக்கிறதா?

செந்தில்: சத்தம் இல்லை. அதிர்வு மட்டும்.

பெரியப்பா முதுநகர்: நாளைக்கு ஆலப்பாக்கம் தாண்டி ரோடு காலியாக இருக்கும் இடத்தில் மூன்று சோதனை செய். ஒன்று, 80-ல் போகும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலில் போட்டு வண்டியை அதன் போக்கில் விடு. அப்போதும் அதிர்ந்தால் எஞ்சினில் கோளாறு இல்லை. சாவியை மட்டும் அணைத்துவிடாதே, ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும், பிரேக் பூஸ்டரும் கொஞ்ச நேரத்தில் கை விட்டுவிடும். இரண்டு, அதே 80-ல் நான்காவது கியரிலும் ஐந்தாவதிலும் ஓட்டிப் பார். எஞ்சின் சுற்று மாறும், சக்கரச் சுற்று மாறாது. இரண்டிலும் அதிர்வு ஒரே மாதிரி இருந்தால் கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான் விஷயம். மூன்றாவதுதான் முக்கியம். குலுக்கலா, ரீங்காரமா என்று கவனி. இந்த வண்டி டயர் ஒரு சுற்றுக்கு 2.3 மீட்டர் ஓடும். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். அதாவது டயர் நொடிக்குப் பத்து சுற்று. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுற்றைக் கொண்டுபோவது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். கிரவுன் கணக்கு 4, அதாவது டயர் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் நாலு சுற்று என்று வைத்தால், ஷாஃப்ட் நொடிக்கு 40 சுற்று. டயர், டிஸ்க், டிரம் கோளாறு என்றால் தொப்தொப்பென்று உடம்பைக் குலுக்கும். ஷாஃப்ட் என்றால் பல் கூசுகிற மாதிரி விர்ரென்று வரும்.

பாலு சித்தப்பா: அண்ணே, பஸ் டிப்போ பாடமா இது

பெரியப்பா முதுநகர்: ஆமாம். 18 ஆயிரம் மிச்சமாகிற பாடம்.

அம்மா: மாமா சொல்கிறபடி செய் செந்தில்

முரளி: மச்சான், பழைய டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீபட்டன் டயர் போட்டிருந்தாயே, அதுவாக இருக்குமோ?

செந்தில்: அது முன்னாடி. நீ வண்டி எடுத்துப்போவதற்கு முன்னாடியே மாற்றியாச்சு.

முரளி: சும்மா கேட்டேன்

தீபா: வளையல் எத்தனை டஜன் வாங்கட்டும்? பச்சையும் சிவப்பும் மட்டும் போதுமா?

பண்ருட்டி அத்தை: மஞ்சளும் வாங்கு. வருகிற பெண்கள் எல்லோருக்கும் அடுக்க வேண்டும், குறைவாக வாங்காதே.

வியாழன், மாலை 6.15

செந்தில்: பெரியப்பா, ஓட்டிப் பார்த்துவிட்டேன். நியூட்ரலிலும் அப்படியே அதிர்கிறது. கியர் மாற்றினாலும் வித்தியாசம் இல்லை. தீபா கூட வந்தாள், தண்ணீர் பாட்டிலை வீடியோ எடுத்திருக்கிறாள்.

தீபா: (வீடியோ)

தீபா: பாருங்கள், தண்ணீர் அலையடிக்கவில்லை. மேலே பொடிப்பொடியாக வட்டம் வட்டமாக நடுங்குகிறது.

பெரியப்பா முதுநகர்: நன்றாக எடுத்திருக்கிறாய் அம்மா. டயர் என்றால் தண்ணீர் தளும்பும். இது ஷாஃப்ட்.

செந்தில்: இன்னொன்று. வரும்போது ஒரு டன் நெல் ஏற்றி வந்தேன். அப்போது அதிர்வு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. முழுக்கப் போகவில்லை.

பெரியப்பா முதுநகர்: இது நேற்றே தெரிந்திருந்தால் நான் டயர் கணக்கே எழுதியிருக்க மாட்டேன். பாரம் ஏறினால் குறைகிறது என்றால் ஷாஃப்ட்டின் சாய்வில் ஏதோ மாறியிருக்கிறது. பின்னால் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டையில் யார் கை வைத்தது?

செந்தில்: முரளியைக் கேளுங்கள்

பெரியப்பா முதுநகர்: முரளி

பெரியப்பா முதுநகர்: முரளி, நீ பார்த்துவிட்டாய் என்று இரண்டு டிக் நீலத்தில் தெரிகிறது

முரளி: மாமா, சித்திரையில் செங்கல் லோடு அடித்தேன் இல்லையா, பின்பக்கம் ரொம்ப உட்கார்ந்துபோனது. அதனால் இரண்டு பக்கமும் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். செந்திலிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

செந்தில்: பட்டை கட்டி முடித்த பிறகு சொன்னாய்

பண்ருட்டி அத்தை: அவன் சொந்தக் காசு போட்டுக் கட்டினான். வண்டிக்கு நல்லதுதானே செய்தான்.

பாலு சித்தப்பா: அக்கா, எட்டு மாதம் வண்டி ஓட்டினதுக்கு வாடகையும் சொந்தக் காசிலிருந்து வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்

பண்ருட்டி அத்தை: பாலு, தோப்பு விற்ற பணத்தில் வாங்கிய வண்டி அது. அதில் என் பிள்ளைக்குப் பாத்தியதை இல்லையா?

பாலு சித்தப்பா: தானே புயலில் முந்திரி மொத்தமும் சாய்ந்தபோது தோப்பைப் பார்க்க யார் வந்தார்கள் என்பதும் நினைவில் இருக்கிறது. 2011 டிசம்பர் 30. நானும் செந்தில் அப்பாவும்தான் மரம் அறுத்து வழி எடுத்தோம்.

அம்மா: மாப்பிள்ளையும் இந்தக் குழுவில் இருக்கிறார்

அம்மா: கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்

பாலு சித்தப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கார்த்தி மாப்பிள்ளை: பரவாயில்லை அத்தை. வண்டி சரியாகட்டும்.

பெரியப்பா முதுநகர்: முரளி, பட்டை கட்டும்போது ஷாஃப்ட்டைக் கீழே இறக்கினார்களா?

முரளி: ஆமாம் மாமா. பின் க்ராஸ் ஆட்டமாக இருந்தது, அதையும் மாற்றினார்கள்.

பெரியப்பா முதுநகர்: இப்போது எல்லாம் தெளிவாகிறது. எல்லோரும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், வண்டி வைத்திருக்கும் யாருக்கும் உதவும். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் க்ராஸ், அதாவது சாய்வாக இருந்தாலும் சுற்ற விடுகிற மூட்டு, இருக்கிறது. க்ராஸ் சாய்வாக வேலை செய்யும்போது ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். முன் க்ராஸ் கூட்டுவதைப் பின் க்ராஸ் குறைத்துச் சரிக்கட்டும். இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிப் போகும்போது எட்டு ஒன்றாக வைத்தால் அண்டா ஆடாது, ஆளுக்கொரு எட்டு வைத்தால் சாம்பார் தளும்பும், அது மாதிரி. எட்டு ஒன்றாக இருக்க இரண்டு விஷயம் வேண்டும். ஷாஃப்ட்டில் க்ராஸைப் பிடித்திருக்கும் இரண்டு கவட்டையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இரண்டு பக்கத்துச் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். பட்டை கூடினால் வண்டி பின்னால் எழும்பும், ஷாஃப்ட்டின் சாய்வு கூடும், ஹவுசிங் மூக்கும் கொஞ்சம் திரும்பும். பாரம் ஏற்றினால் பழைய இடத்துக்கு இறங்கும், அதனால்தான் நெல் ஏற்றியபோது குறைந்தது. முழுக்கக் குறையாததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். ஷாஃப்ட் நடுவில் நீளம் கூடிக் குறைகிற பல் இணைப்பு ஒன்று இருக்கிறது. கழற்றும்போது அடையாளம் வைக்காமல் இழுத்துவிட்டு, மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போட்டாலும் கவட்டை கோணலாகிவிடும். செந்தில், கீழே டார்ச் அடித்து அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பு. ஜாக்கியை நம்பி அடியில் போகாதே. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வை.

பாலு சித்தப்பா: முழுசாகப் படித்தேன் அண்ணே

கயல்: நானும்

தீபா: ஐந்து வகை சாதம் யார் செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை

அம்மா: புளியோதரை நான்

பண்ருட்டி அத்தை: தேங்காய் சாதம், எள் சாதம் நான். எலுமிச்சையும் தயிர் சாதமும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தயிர் சாதத்தைப் பால் ஊற்றிப் பிசையுங்கள், இல்லையென்றால் போகிற வழியில் புளித்துவிடும்.

வியாழன், இரவு 9.05

செந்தில்: (படம்)

செந்தில்: (படம்)

பெரியப்பா முதுநகர்: இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிரீஸைத் துடைத்த இடத்தில் இரும்பில் அம்புக்குறி மாதிரி வெட்டியிருக்கிறது. எதிர்ப் பக்கத்திலும் ஒன்று. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இங்கே இரண்டு பல் தள்ளி நிற்கிறது.

முரளி: அது எனக்குத் தெரியாது மாமா, அவர்கள்தான் மாட்டினார்கள்

பெரியப்பா முதுநகர்: உன்னைச் சொல்லவில்லை தம்பி. நீ வண்டியைப் பட்டறையில் விட்டாய், அவ்வளவுதான். பட்டறைக்காரருக்கு அந்தக் குறி கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

பண்ருட்டி அத்தை: கேட்டாயா பாலு

செந்தில்: ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் ரப்பரும் ஒரு ஓரம் கிழிந்த மாதிரி தெரிகிறது பெரியப்பா. முதல் படம்.

பெரியப்பா முதுநகர்: ஆமாம், ஒரு பக்கம் பிளந்திருக்கிறது. அதிர்வில் கிழிந்திருக்கலாம். அதையும் மாற்றிவிடலாம், பெரிய செலவு இல்லை. முதலில் குறியை நேர் செய்து ஓட்டிப் பார்ப்போம், அதற்குக் காசே வேண்டாம். அதற்கு மேலும் அதிர்ந்தால் கூடுதல் பட்டையைக் கழற்றுவோம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

முரளி: மாமா, பட்டையைக் கழற்றினால் பாரம் தாங்காது. அடியில் ஆப்பு வைத்துச் சாய்வைச் சரி செய்யலாம் என்று சொல்கிறார்களே?

பெரியப்பா முதுநகர்: வைக்கலாம். நீ சொல்வது சரிதான். ஆனால் அளவு பார்த்துச் செய்ய வேண்டிய வேலை, ஞாயிற்றுக்கிழமைக்குள் அவசரப்பட்டுச் செய்ய முடியாது. எப்படியும் பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் நான்கையும் நாளை முறுக்கிப் பார்க்க வேண்டும். பட்டை கட்டினால் கொஞ்ச தூரம் ஓடியதும் தளரும், யாரும் திரும்ப முறுக்குவதில்லை.

அம்மா: மாமா, நேராகக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டியில் பாத்திரமும் பழமும் போகலாமா, கூடாதா?

பெரியப்பா முதுநகர்: நாளை ஓட்டிப் பார்க்காமல் சொல்ல மாட்டேன் விஜயா. ரப்பர் முழுக்கக் கிழிந்து ஷாஃப்ட் ஓட்டத்தில் இறங்கினால் ஆபத்து. அதனால் அதுவரைக்கும் யாரும் 50-க்கு மேல் ஓட்டக்கூடாது. கயல் எந்த நிலையிலும் இதில் ஏறக்கூடாது, காரில்தான் வர வேண்டும். இதில் யாரும் பேச்சு எடுக்காதீர்கள்.

கயல்: சரி பெரியப்பா

கார்த்தி மாப்பிள்ளை: காரை நானே ஓட்டி வருகிறேன் மாமா. மெதுவாக.

செந்தில்: நாளை காலை ஆறு மணிக்கு முதுநகர் வந்துவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த பட்டறையிலேயே பார்க்கலாம். கூட நீங்கள் இருந்தால் போதும்.

பெரியப்பா முதுநகர்: ஐந்தரைக்கு வா. ஷாஃப்ட் சூடில்லாமல் இருக்கும்போது கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பெயின்ட் கொண்டு வா, கழற்றுவதற்கு முன் நான் அடையாளம் போடுகிறேன்.

முரளி: நானும் வருகிறேன் மாமா. மச்சான், போகும் வழியில் என்னை ஏற்றிக்கொள்கிறாயா?

செந்தில்: பண்ருட்டியிலிருந்து நீ பஸ்ஸில் வந்து சேர். வரும்போது பழத்தையும் எடுத்து வா.

முரளி: நாலு பழத்தையும் பஸ்ஸிலா?

பண்ருட்டி அத்தை: ஒவ்வொன்றும் 15 கிலோ இருக்கும்

தீபா: இரண்டு போதும் அத்தை

பாலு சித்தப்பா: அந்தப் பையன் வேனுக்கு இரண்டாயிரம் அட்வான்ஸ் கேட்கிறான். நாளை மதியத்துக்குள் சொல்ல வேண்டுமாம். கொடுக்கவா, வேண்டாமா?

செந்தில்: பத்து மணிக்குச் சொல்கிறேன் சித்தப்பா

அம்மா: கொடுத்துவிடு பாலு

பெரியப்பா முதுநகர்: அவசரப்படாதே பாலு

பாலு சித்தப்பா: யார் சொல்வதைக் கேட்பது?

பண்ருட்டி அத்தை: பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது? மூடி என்னிடம்தான் இருக்கிறது.